மூன்று ஒராங்குட்டான்கள்: விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



வாலில்லாப் பெருங்குரங்குகளைப் பற்றிய பாடம் வரும்போது, ஆப்பிரிக்கக் காடுகளின் கொரில்லாவையும் சிம்பன்சியையும் சொல்லி முடித்து, ஆசியாவில் எஞ்சியிருக்கும் ஒரே பெருங்குரங்காகிய ஒராங்குட்டானை ஒரு படத்தாலும் இரண்டொரு வாக்கியங்களாலும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டு, தேர்வு நெருங்குகிறதே என்ற கவலையுடன் தாங்கள் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவது வழக்கம். அந்தக் கால நெருக்கடி எனக்குத் தெரியாததன்று; ஆகவே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்க நான் இம்மடலை எழுத முற்படவில்லை. அந்த இரண்டொரு வாக்கியங்களில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டுமென்று கேட்கிறேன். ஒராங்குட்டான் ஒரே இனம் அன்று. இன்று உயிரோடிருப்பவை மூன்று இனங்கள். போர்னியோத் தீவில் ஒன்று, சுமத்திராத் தீவின் வடபகுதியில் ஒன்று, அதே சுமத்திராவில் தோபா ஏரிக்குத் தெற்கே தபானுலிப் பிரதேசத்து மலைக்காட்டில் மற்றொன்று.

பிராணிகளுக்குப் பெயரிடுவதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகளுக்குள் நடக்கும் நுட்பமான விவகாரம் இது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனால் ஆவது என்ன என்று தங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அம்மூன்றனுள் ஒன்று இப்பூமியில் நிலைப்பதும் இல்லாமற்போவதும், அதனைத் தனியினமாக நாம் எண்ணுகிறோமா, அல்லது பொதுப்பெயரின் நிழலில் மறந்துவிடுகிறோமா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். நம் நாட்டு மாணவன் இந்தப் பிராணியை நேரில் காணும் வாய்ப்பும் அரிது. ஒடிசாவின் நந்தன்கானன் உயிர்க்காட்சிசாலையில் வாழ்ந்த பின்னி என்ற பெண் ஒராங்குட்டான் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இறந்தபோது, இந்திய உயிர்க்காட்சிசாலைகளில் அப்போது இருந்த ஒரே ஒராங்குட்டானும் இல்லாமற்போயிற்று. ஆகவே ஆசிரியர் கரும்பலகை முன் நின்று சொல்வதே அநேகமாக அவன் இந்த ஜீவனைப் பற்றி ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருக்கப்போகும் செய்தி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டளவில் அறிஞர்கள் கூடி மதிப்பிட்டபடி, போர்னியோவில் ஏறக்குறைய 1,04,700 ஒராங்குட்டான்கள் இருந்தன. வட சுமத்திரா இனத்தில் ஏறக்குறைய 13,800. தபானுலியில் 800க்கும் குறைவு. மூன்றையும் கூட்டிச் சொன்னால் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் என்ற பெருந்தொகை வருகிறது. அதைக் கேட்கும் மாணவன், சரி, கவலைப்பட இன்னும் காலமிருக்கிறது என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. அந்தத் தொகையில் தபானுலியின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. நாளையே அவ்வளவும் அழிந்துபோனாலும், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் கண்ணில் அது படாது. மதிப்பீட்டில் இயல்பாக நேரும் பிழையைவிடச் சிறிய தொகை அது. ஓர் இனத்தின் முழு சரித்திரமும் அங்ஙனம் ஒரு கூட்டல் கணக்கின் ஓரத்தில் ஓசையின்றி முடிந்துவிடக்கூடும்.

இனி, இம்மூன்றுக்கும் உள்ள வித்தியாசங்களைச் சிறிது நெருங்கி நோக்குவோம்.

போர்னியோ ஒராங்குட்டானின் ரோமம் சற்று முரடானது. கருஞ்சிவப்பிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் மாறும். முதிர்ந்த ஆணின் கன்னங்கள் இரண்டிலும் வளரும் சதைமடல்கள் முன்னோக்கி வளைந்து, முகத்தைக் குழிந்ததொரு தாம்பாளம்போல் ஆக்கிவிடும். கழுத்தின்கீழே பெரிய தொண்டைப்பை தொங்கும். அத்தீவில் புலி இல்லை. ஆகையால் பெரிய ஆண்கள் மரத்தைவிட்டு இறங்கித் தரையில் நெடுந்தூரம் நடப்பதும் உண்டு. அங்கே காட்டு மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரக் காய்த்துக் குலுங்கிவிட்டு, பிறகு நெடுங்காலம் வறிதே நிற்கும் இயல்பினவாதலால், பஞ்ச மாதங்களில் இப்பிராணி மரப்பட்டையையும் முற்றிய இலையையும் மென்று உயிர்பிடித்திருக்கிறது. இவ்வினத்துள்ளேயே மூன்று துணையினங்கள் இருக்கின்றன: வடமேற்கே சராவாக்கிலும் இந்தோனேசியப் பகுதியான மேற்குக் கலிமந்தானின் வடபகுதியிலும் ஒன்று, தென்மேற்கும் மத்தியுமான பிரதேசத்தில் ஒன்று, வடகிழக்கே சபாவிலும் கிழக்குக் கலிமந்தானிலும் ஒன்று. பஞ்சம் கடுமையான வடகிழக்குப் பகுதியில் வாழும் துணையினத்துக்குக் கடினமான உணவை அரைப்பதற்கேற்ற வலிய தாடையும், மற்றவற்றைவிடச் சிறிய மூளையும் அமைந்திருப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வாழும் நிலம் உடலின்மேல் எத்தனை ஆழமாகத் தன் முத்திரையைப் பதிக்கிறது என்பதற்கு மாணவர்களிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வட சுமத்திரா ஒராங்குட்டான் மெலிந்த உடலும், நீண்டு மென்மையாகத் தொங்கும் இளஞ்செம்மஞ்சள் ரோமமும் உடையது. ஆணுக்கேயன்றிப் பெண்ணுக்கும் தாடி உண்டு. ஆணின் கன்னமடல்கள் தட்டையாக, மெல்லிய வெண்ரோமம் போர்த்து விளங்கும். புலி உலாவும் காடாதலால் அது தரையில் இறங்குவது அபூர்வம். எரிமலை மண்ணின் வளத்தால் பழம் மிகுதி. பழம் மிகுதியானதால் ஒரே மரத்தில் பல கூடி உண்ணும் பழக்கமும் மிகுதி. கூடியிருப்பதனாலேயே குட்டிகள் தாயிடமிருந்து மட்டுமின்றி அயலாரைப் பார்த்தும் கற்றுக்கொள்கின்றன. அச்சே மாகாணத்தின் தெற்கே சுவாக் பலிம்பிங் என்ற சதுப்புக் காட்டில், கண்ணாடித் துகள்போல் குத்தும் மயிர் நிறைந்த நீசியா என்ற கனியைப் பிளந்து, அதனுள்ளிருக்கும் கொழுப்பு மிக்க விதையைக் கையால் தொடாமல், பட்டை நீக்கிய சிறு குச்சியொன்றால் நெம்பி எடுத்து உண்ணும் வித்தையை அவை அறிந்திருக்கின்றன. அலாஸ் ஆற்றின் மறுகரையில் அதே மரமும் அதே கனியும் இருந்தும் அந்தக் குச்சியின் உபயோகத்தை ஆராய்ச்சியாளர் காணவில்லை. பிறவியோடு வந்த குணமாக இருந்தால் இரு கரையிலும் இருக்க வேண்டுமல்லவா? இது வழிவழியாகக் கற்று வரும் வழக்கம். கற்பிப்போர் அழிந்தால் வித்தையும் அழியும்.

அதே காட்டில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ராக்குஸ் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டிருந்த முதிர்ந்த ஆணொன்றுக்கு, வேறோர் ஆணுடன் நேர்ந்த சண்டையிலோ என்னவோ, வலக்கண்ணின் கீழே ஆழமான காயம் பட்டிருந்தது. சில தினங்கள் சென்றபின் அது கிளையிலிருந்து ஒரு கொடியின் இலைகளைப் பறித்து மென்று, அந்தச் சாற்றை விரலால் எடுத்துக் காயத்தின்மேல் மட்டும் பல நிமிஷங்கள் திரும்பத் திரும்பத் தடவி, இறுதியில் மென்ற விழுதையே காயம் மறையும்படி அப்பிக்கொண்டது. உடலின் வேறெந்தப் பாகத்திலும் அது தடவவில்லை. சீழ் பிடிக்காமலே சில நாட்களில் காயம் மூடிக்கொண்டது. அடுத்த மாதம் வடு மாத்திரமே தெரிந்தது. அந்தக் கொடி நம்மூர் வேலிகளில் படரும் சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்பிரதேசத்து மக்களும் அதை மருந்தாக உபயோகிக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் இச்செய்தி ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தபோது, காயத்துக்குப் பச்சிலை கட்டும் அறிவு மனிதனுக்கு மட்டும் உரியதென்ற நம்பிக்கை உலகமெங்கும் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று.

மூன்றாவது இனத்தின் கதை வேறுவிதமானது. தோபா ஏரிக்குத் தெற்கே, பாத்தாங் தோரு ஆற்றைச் சூழ்ந்த மலைக்காட்டில் ஒராங்குட்டான்கள் இருப்பது 1997ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகளின் கவனத்துக்கு வந்தபோதும், வட சுமத்திரா இனத்தின் தென்கோடிச் சிறு கூட்டமென்றே அவை கருதப்பட்டன. 2013 நவம்பரில், மக்களோடு நேர்ந்த மோதலில் படுகாயமுற்ற ராயா என்ற ஆண், சிகிச்சை பலிக்காமல் உயிர்நீத்தது. அதன் மண்டையோட்டையும் பற்களையும் அருங்காட்சியகங்களில் இருந்த மற்ற 33 ஆண் மண்டையோடுகளோடு ஒப்பிட்டவர்கள், இது இரண்டு இனங்களுக்கும் பொருந்தாத அளவுகளைக் கொண்டிருப்பதைக் கண்டார்கள். பிறகு 37 ஒராங்குட்டான்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தபோது எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது. தோபா ஏரிக்கு வடக்கே இருப்பவற்றின் மரபுவழியும் தெற்கே இருப்பவற்றின் மரபுவழியும் முப்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. கடலுக்கு அப்பாலுள்ள போர்னியோ இனமோ தபானுலியிலிருந்து பிரிந்து ஏறக்குறைய ஏழு லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. ஒரே தீவில் அண்டை வீட்டில் இருப்பது தூரத்து உறவாகவும், கடல்கடந்து இருப்பது நெருங்கிய உறவாகவும் முடிந்தது! கடல்மட்டம் தாழ்ந்து தீவுகளெல்லாம் ஒரே நிலமாகக் கிடந்த காலத்தில் ஆசியப் பெருநிலத்திலிருந்து இறங்கிவந்த ஆதி ஒராங்குட்டான்களின் நேர் வாரிசுகள் தபானுலி ஒராங்குட்டான்களாக இருக்கலாமென்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. 2017 நவம்பரில் 'போங்கோ தபானுலியென்சிஸ்' என்ற பெயருடன் இது தனியினமாக அறிவிக்கப்பட்டது. சுருண்ட ரோமமும், சிறிய தலையும், தட்டையான முகமும், எடுப்பான மீசையும் இதன் அடையாளங்கள். ஆண் எழுப்பும் நெடுங்குரல் போர்னியோ ஆணின் குரலைவிட நீண்டு ஒலிக்கும்.

தபானுலிப் பிரதேசம் தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அப்பிரதேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகத்தருகே, லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தார் அங்கே தங்கி வாணிகம் செய்ததற்குச் சாட்சியாக அது இன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்துறைமுகத்தைப் பிரசித்தமாக்கிய கற்பூரம், உட்பிரதேசத்துக் காட்டு மரங்களிலிருந்து இறக்கப்பட்டது. தங்கள் பள்ளியின் சரித்திர ஆசிரியர் அந்தக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லும் நாளை அறிந்து, அதே வாரத்தில் தாங்கள் அக்காட்டின் ஜீவனைப் பற்றிச் சொன்னால், மாணவர் மனத்தில் அவ்விடம் வெறும் வரைபடப் புள்ளியாக இராது.

வித்தியாசம் அறிந்தபின்தான் பாதுகாப்பும் முறையாக நடக்க முடியும் என்பதற்குப் போர்னியோவிலேயே சான்று உண்டு. 1971ஆம் ஆண்டில் ஒராங்குட்டான் ஆராய்ச்சியாளரான பிருத்தே கால்டிகாஸ் அம்மையார் மத்திய கலிமந்தானின் தஞ்சோங் புத்திங் காட்டில் லீக்கி முகாமை நிறுவி, கூண்டுகளிலிருந்து மீட்ட ஒராங்குட்டான்களைக் காட்டுக்குத் திருப்பும் அரும்பணியைத் தொடங்கியபோது, துணையினங்களின் பிரிவு எவருக்கும் தெளிவாகத் தெரியாது. அங்கே விடப்பட்டவற்றுள் இரண்டு பெண்கள் வேறு துணையினத்தைச் சேர்ந்தவை என்பதும், அவ்விரண்டின் வழியாக 22க்குக் குறையாத சந்ததிகள் உள்ளூர்த் துணையினத்தோடு கலந்துவிட்டன என்பதும் 2016இல் வெளியான மரபணு ஆராய்ச்சியால்தான் தெரியவந்தன. அக்கலப்பால் தீங்கு நேருமா என்பது விவாதத்துக்கு உரியது. அவ்வம்மையாரின் தியாகம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் இப்போது மீட்கப்படும் குட்டி எந்த நிலத்துக்குரியது என்று மரபணுவைப் பார்த்து அறிந்தே காட்டில் விட வேண்டும் என்ற முறை வலுப்பெற்றிருக்கிறது. அமெரிக்க உயிர்க்காட்சிசாலைகளும் போர்னியோ, சுமத்திரா இனங்களைக் கலந்து ஈனச் செய்யும் பழைய வழக்கத்தை 1980களிலேயே நிறுத்திவிட்டன.

மூன்று இனங்களையும் சூழ்ந்த ஆபத்துகளும் ஒரே தன்மையன அல்ல. போர்னியோவில் 1990களில் பத்து லட்சம் ஹெக்டேர் கரிச்சதுப்பு நிலத்தை நெல்வயலாக்குவதென்று இந்தோனேசிய அரசு கால்வாய் வெட்டி நீரை வடித்தது. நெல் விளையவில்லை, காய்ந்த சதுப்பு 1997இலும் பிறகு 2015இலும் மாதக்கணக்கில் எரிந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும், உணவுக்காகவும் பயிர்காக்கவும் நடந்த கொலைகளும் சேர்ந்து, 1999க்கும் 2015க்கும் இடையில் அத்தீவு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களை இழந்ததாக ஆராய்ச்சி கூறுகிறது. இன்னும் எஞ்சியிருப்பவையோ பெரும்பாலும் சரணாலயங்களுக்கு வெளியே, மனிதர் உழலும் நிலத்தில் இருக்கின்றன. எனவே அங்கே தோட்டக்காரரோடும் கிராமத்தாரோடும் பேசாமல் பாதுகாப்பு நடவாது. வட சுமத்திராவுக்கோ லூசர் என்ற ஒரே பெருங்காடு இருக்கிறது. அது துண்டாகாமல் இருப்பதே அவ்வினத்தின் ஆயுள். மீட்கப்பட்டவற்றைக் கொண்டு ஜாம்பி மாகாணத்திலும் அச்சேயின் ஜந்தோவிலும் புதிய கூட்டங்களை உண்டாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது.

தபானுலிக்கு அத்தகைய அவகாசம் ஏதும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர்; அதுவும் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று துண்டுபட்ட காடு. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு அவ்வினம் உலாவிய பிரதேசத்தில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டாதென்று மதிப்பிடுகிறார்கள். பள்ளத்துக் காடுகளெல்லாம் கைமாறிப்போக, மேட்டுச் சரிவுகளில் ஒதுங்கியிருக்கிறது. 2012இல் அம்மலையோரத்தில் தங்கச் சுரங்கம் தொடங்கப்பட்டது. துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கும் ஆற்றுப்பள்ளத்தில் 510 மெகாவாட் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டுக் கட்டுமானம் தொடங்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் சுமத்திராவைத் தாக்கிய புயல்மழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தார்கள். தபானுலி மாவட்டங்கள் மிகக் கொடிய சேதத்தை அடைந்தன. அந்தக் காட்டின் செங்குத்தான சரிவுகளும் பல இடங்களில் சரிந்து விழுந்தன. மனிதருக்காகவும் விலங்குக்காகவும் தனித்தனியே வருந்த வேண்டிய அவசியமில்லை. சரிவில் நின்ற மரங்களே இருவருக்கும் அரண்.

இப்படியொரு சிறு கூட்டம் ஒரு பேரிழப்பிலிருந்து மீள்வது ஏன் கடினம் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பெண் ஒராங்குட்டான் முதற்குட்டியை ஈனும்போது அதற்குப் பதினைந்து வயதளவில் ஆகியிருக்கும். பிறந்த குட்டிக்கு எட்டு வயது வரைகூடப் பால் கொடுத்து, ஒவ்வொரு மாலையும் கிளைகளை வளைத்துப் புதுக்கூடு கட்டி அதனோடு உறங்கி, எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை எடை தாங்கும் என்று கற்பித்து முடித்தபின்தான் அடுத்த குட்டி. ஒரு பேற்றுக்கும் அடுத்த பேற்றுக்கும் இடையே ஏழிலிருந்து ஒன்பது ஆண்டுகள். நிலத்தில் வாழும் வேறெந்தப் பாலூட்டியும் இவ்வளவு நீண்ட இடைவெளி விடுவதில்லை. ஆகவே முதிர்ந்தவற்றில் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒன்றுக்குமேல் வேட்டையாலோ பிற காரணத்தாலோ பறிபோனால், தபானுலி இனம் அழிவை நோக்கியே நகரும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரிக்கிறார்கள். அது ஆண்டுக்கு எட்டுப் பிராணிகளுக்கும் குறைந்த தொகைதான். ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்தில் எட்டு என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எண்ணூறில் எட்டு என்று சொல்லுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைப் பற்றிச் சொன்னால், பாமாயில் வாங்கலாமா கூடாதா என்று ஒரு மாணவி எழுந்து கேட்பாள், கேட்க வேண்டும். நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த எண்ணெய் அவள் வீட்டு அடுப்படியில் இருக்கலாம். உலகிலேயே அதை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. ஏழை வீட்டுத் தாளிப்பைக் குற்றமாக்கிப் பேச எனக்குச் சம்மதமில்லை. ஒரே அளவு எண்ணெய்க்கு மற்ற வித்துக்கள் பல மடங்கு அதிக நிலம் கேட்கும் என்பதும் உண்மை. எனவே எண்ணெயை விலக்கு என்பதைவிட, காட்டை அழித்து நட்ட தோட்டத்து எண்ணெயை வாங்காதே என்று இறக்குமதியாளரையும் அரசையும் கேட்பதே பொருத்தமான விடையென்று நான் கருதுகிறேன்.

என் வேண்டுகோள் இவ்வளவே. சுமத்திராவைக் கரும்பலகையில் வரையும்போது அதன் வடபகுதியில் தோபா ஏரியையும் ஒரு புள்ளியாக இட்டு, ஏரியின் வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு வண்ணச் சுண்ணக்கட்டியால் நிழலிடுங்கள். கிழக்கே போர்னியோவை மூன்றாவது வண்ணத்தில் காட்டுங்கள். எண்ணிக்கையைக் கூட்டாமல் மூன்று வரிகளில் எழுதுங்கள். தங்களுள் பாடநூற் குழுக்களில் பணியாற்றும் பெரியோர், அடுத்த பதிப்பில் ஒராங்குட்டான் என்ற தலைப்பின்கீழ் மூன்று இனங்களின் பெயரையும், வாழிடத்தையும், மதிப்பிட்ட ஆண்டோடு சேர்த்து எண்ணிக்கையையும் அச்சிட ஏற்பாடு செய்யுங்கள். அந்த எண்கள் மாறும்; மாறும்போதெல்லாம் மறுபதிப்பில் திருத்தப்பட வேண்டும், தபானுலியின் வரி எக்காரணத்தாலும் மற்ற வரிகளோடு சேர்க்கப்படலாகாது.

இங்ஙனம்,
தங்கள் பணியில் மிகுந்த மதிப்புடைய வாசகன்